பின்பக்கத்து மண் சரிவு

— நீலா, கதவத் தொறம்மா. ஊரே நின்னு வேடிக்க பாக்குது.

— ஊரு எங்க சித்தப்பா? சன்னல் வழியா எனக்குத் தெரியறது நீங்க, உங்க குடை, மம்புட்டியோட சித்தாளு தைலம்மா. அவ்ளோதான்.

— நான் வேடிக்க பாக்கலம்மா. வேல இருக்குதுன்னு வரச் சொன்னாங்க, வந்தேன். நயினாரு நிக்கச் சொன்னாரு, நிக்கறேன்.

— தைலம்மா, நீ சும்மா இரு. நீலா, நான் இன்னா சொல்றேன்னா, நாளைக்குப் பொழுது விடிஞ்சா வாசகசாலை தொறப்பு விழா. மெட்ராஸ்லேர்ந்து பெரிய மனுசர் வராரு. யூனியன் சேர்மன் வராரு. செக்ரட்டரின்னு மாலையோட நிக்கப் போறவன் நான். எங்க அண்ணன் பொண்ணு நீயே உள்ள பூந்து கதவச் சாத்திக்கினா ஊரு இன்னா பேசும்? புரியுதா?

— செக்ரட்டரி சாந்திராஜ் நயினார் வீட்டுப் பொண்ணுதான் மொத ஆளா உள்ள போச்சுன்னு பேசும்.

— மொதல்ல நீ எப்பிடி உள்ள போன? இந்த முன்படியில உன்னால ஏற முடியாது. யாரு தூக்கி வுட்டது?

— யாரும் தூக்கல. கோவிந்தசாமி வண்டியில வந்து பின்பக்கம் எறங்கினேன். கொத்தனாருங்க கல்லும் மண்ணும் ஏத்தறதுக்கு ஒரு மண் சரிவு போட்டிருக்காங்க இல்ல, அதுல ஏறினேன்.

— தவழ்ந்தா?

— நடந்து.

— கட்டைய வெச்சிக்கினு அந்தச் சரிவுல நடந்தியா?

— ரெண்டு கக்கத்துலயும் கட்டை, ரெண்டு கால்லயும் இரும்பு. மெதுவாத்தான். நடுவுல ஒருவாட்டி நின்னு மூச்சு வாங்கினேன். சின்ன வயசுல வாதம் வந்த நாள்லேர்ந்து எந்தக் கட்டடத்துக்குள்ளயும் என்னை யாராவது தூக்கிக்கினுதான் போயிருக்காங்க. பள்ளிக்கூடம், மடம், கல்யாண வீடு, எல்லாம். இன்னிக்குத்தான் நானா நொழைஞ்சேன்.

— சந்தோஷம். நொழைஞ்சாச்சு இல்ல? வந்த வழியா எறங்கி வா. சாயங்காலத்துக்குள்ள தைலம்மா ஆளுங்க அந்தச் சரிவ வெட்டி எடுத்தாவணும். பின்னாடி மண்ணுமேடு கெடந்தா விழாவுக்கு லட்சணமா இருக்காது.

— அதனாலதான் எறங்கல.

— எதனால?

— அந்தச் சரிவ வெட்டமாட்டேன்னு சொல்லுங்க. அது மேல கல்லு பாவி சிமிட்டி பூசறேன்னு சொல்லுங்க. இப்பவே எறங்கிடறேன்.

— அது மண்ணுமேடும்மா. வேல நடக்கறப்ப வேணும், முடிஞ்சா எடுத்துடணும். சாரம் கட்டறோம், அவுக்கறோம் இல்ல? அது மாதிரி.

— சாரம் இல்லாம கட்டடம் நிக்கும். சரிவு இல்லாம நான் எங்க நிப்பேன்?

— அய்ய, பொண்ணு நல்லாத்தான் கேக்குது நயினாரே.

— உன்னைக் கேட்டேனா? நீலா, உனக்கு நான் இன்னா கொறை வெச்சேன்? நாளைக்கு உன்ன நாற்காலியில உக்கார வெச்சு, நாலு ஆளுங்க முன்படி வழியாத் தூக்கிக்கினு வர ஏற்பாடு பண்ணியிருக்கேன். மொத வரிசையில எடம்.

— நாற்காலியோட தூக்கினா அது சாமி புறப்பாடு சித்தப்பா. சாமி எந்தப் புஸ்தகத்தையும் கையில எடுக்காது. ஊருக்குக் காட்டிட்டுத் திரும்பக் கொண்டாந்து வெச்சிடுவாங்க.

— அப்பிடிப் பேசாத.

— மறுநாள் அந்த நாலு ஆளும் எங்க இருப்பாங்க? சிங்கவரத்துக் கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு இருப்பாங்க. நான் ஒரு பக்கம் படிக்கணும்னா அவங்க வேலய விட்டுட்டு வருவாங்களா?

— படிக்கறதுக்குத்தான் புஸ்தகம் வீட்டுக்கே வரும்னு சொன்னேனே. தனசேகரன வேலைக்கு வெச்சிருக்கோம். வாரா வாரம் நீ கேட்டத சைக்கிள்ல கொண்டாந்து குடுப்பான்.

— நான் கேட்டத.

— ஆமா. பேர சொல்லு, வந்துடும்.

— பேரு தெரிஞ்சதத்தான் சொல்ல முடியும். பேரே தெரியாத புஸ்தகம் இங்க சொவரு முழுக்க இருக்குது. காலையிலேர்ந்து ஒண்ணொண்ணா எடுக்கறேன். நடுவுல ஒரு பக்கம் படிக்கறேன். திரும்ப வெச்சிடறேன். வேணாம்னு ஒரு புஸ்தகத்தத் திரும்ப வெக்கறது எவ்ளோ சொகம்னு எனக்கு இத்தினி நாளு தெரியவே தெரியாது. இத்தினி வருசமா திண்டிவனத்துலேர்ந்து நீங்கதான் கொண்டாந்து குடுத்தீங்க. மறக்கல. ஆனா எனக்கு இன்னா வேணும்னு யாரு முடிவு பண்ணது? பத்தினிப் பொண்ணுங்க கதை. ஊறுகா போடற மொறை. வீட்டு வைத்தியம். ஒருவாட்டி ஒரு நாவல் வந்துது. அதுவும் ரெண்டாம் பாகம் மட்டும்.

— மொதல் பாகம் அங்க இல்லன்னுட்டான். நான் இன்னா பண்றது?

— நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நானே பண்ணிக்கினேன். அந்தக் கதையில வர ஆளு ஏன் வீட்ட விட்டு ஓடினான்னு விதவிதமா யோசிச்சு வெச்சிருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதே யோசனதான். இன்னிக்கு அந்த மொதல் பாகத்தப் பாத்துட்டேன். இங்கதான் இருக்குது.

— அப்ப எடுத்துக்கோ. இன்னும் இன்னா?

— அடித்தட்டுல இருக்குது. என்னால குனிய முடியாது. கட்டையால தட்டித் தட்டி வெளிய இழுத்தேன். விழுந்துது. மேஜை வரைக்கும் கட்டையாலயே தள்ளிக்கினு வந்தேன். புஸ்தகத்துகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கினுதான் தள்ளினேன்.

— இதுக்குத்தான் சொல்றேன், வீட்டுக்கே வந்துடும்னு.

— இதுக்குத்தான் நானும் சொல்றேன். கட்டடம் சரியா இருக்குதான்னு போன வாரம் மேஸ்திரியும் இஞ்சினியரும் வந்து பாத்தாங்க. சொவரத் தட்டினாங்க. தளத்துல தண்ணி ஊத்தினாங்க. பிரமாதம்னுட்டுப் போயிட்டாங்க. அவங்க கையால பாத்தாங்க. நான் காலால பாத்துக்கினு இருக்கேன்.

— பாத்து இன்னா கண்ட?

— நெசமாக் கேக்கறீங்களா, இல்ல நான் பேசி முடிச்சு ஓஞ்சிடுவேன்னு கேக்கறீங்களா?

— கேக்கறேன், சொல்லு. வெய்யில் மண்டையப் பொளக்குது, சுருக்கச் சொல்லு.

— வெய்யில்ல ஏன் நிக்கறீங்க? மேல முகப்புல நெழல் இருக்குதே. வந்து உக்காந்து கேளுங்க.

— நான் ஏன் வரணும்? எறங்கி வர வேண்டியவ நீ. சொல்லு.

— சரி. தரைக்குச் செவப்பு சிமிட்டி போட்டு, எண்ணெ தேய்ச்சு, மொகம் பாக்கறாப்பல வெச்சிருக்கீங்க. கட்டை நிக்கமாட்டேங்குது. சொவரப் புடிச்சிக்கினே ஒரு சுத்து வந்தேன். நடுக்கூடத்துக்கு நான் போகவே இல்ல.

— அந்தத் தரைய ஊரே பாராட்டுது.

— ஊரு வழுக்கி விழுந்தா எழுந்துக்கும். அப்புறம் மேஜை. அடியில குறுக்க ஒரு சட்டம் ஓடுது. என் காலு நீட்டிக்கினுதான் இருக்கும், உள்ள போகாது. அதனால பக்கவாட்டுல உக்காந்து, கோழி மாதிரி கழுத்தத் திருப்பிக்கினு படிக்கறேன். இதெல்லாம் நான் பொறுத்துக்குவேன் சித்தப்பா. கழுத்து வலி எனக்குப் பழக்கம். சரிவு ஒண்ணு மட்டும்தான் பொறுக்க முடியாதது. அது போச்சுன்னா தரை வழுக்குதுன்னு சொல்லக்கூட நான் உள்ள வர முடியாது.

— பேசறப்ப ஞாயமாத்தான் இருக்குது. ஆனா நான் இன்னா சொல்றேன்னா, வேற ஒரு சங்கதி. வாசல்ல போர்டு எழுதி மாட்டியிருக்கே, பாத்தியா?

— பாத்தேன். காலணிகளை வெளியே விடவும்.

— உன் பூட்ஸு தோலு. சுருத பஞ்சமிப் பண்டிகைக்கு மேல்சித்தாமூர் ஜைன மடத்துல ஏட்டுச் சுவடிக்குப் பூஜ பண்ற ஜாதி நாம. புஸ்தகம் இருக்கற எடத்துல தோல் பூட்ஸோட நிக்கறியே, உனக்கே இது நல்லாருக்குதா?

— பூட்ஸும் இரும்பும் ஒண்ணா சேத்து ஆணி அடிச்சிருக்குது. பூட்ஸ கழட்டினா காலையே கழட்டின மாதிரி. அதையும் வாசல்ல வுட்டுட்டு வரட்டுமா?

— கோவப்படாத.

— அந்தப் பஞ்சமிக்கு என்னைத் தோள்ல தூக்கிக்கினு போனதே நீங்கதான். எல்லாரும் சுவடிக்குப் பூ போட்டாங்க. உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னு நான் உங்க காதுல கேட்டேன். கும்புட்டுக்கோன்னீங்க.

— சின்னப் பொண்ணு நீ அப்ப.

— இப்ப வளந்துட்டேன். இப்பவும் கும்புட்டுக்கோன்னுதான் சொல்றீங்க. அந்த போர்டு இப்ப வாசல்ல இல்ல, தெரியுமா?

— எங்க போச்சு?

— கழட்டிட்டேன். மேஜை ஒரு காலு ஆடுது, அதுக்கு அடியில முட்டுக் குடுத்திருக்கேன். சரியா இருக்குது.

— அய்யய்யோ! காசு குடுத்துத் திண்டிவனத்துல எழுதி வாங்கினது!

— நயினாரே, குடையக் கீழ போட்டுட்டீங்க பாருங்க. இந்தாங்க.

— இவ எங்க மானத்த வாங்காம விடமாட்டா. நீலா! எங்க அண்ணனுக்கு, உங்க நைனாவுக்கு ஆள் அனுப்பட்டுமா?

— அனுப்புங்க. மேல்சித்தாமூர்லேர்ந்து நைனா வந்து சேர மத்தியானம் ஆவும். அதுக்குள்ள மொதல் பாகம் பாதி முடிஞ்சிடும்.

— உங்க அம்மா தர்மவதி கேட்டா அழுவா.

— அம்மா இந்த பூட்ஸ வீட்டுக்குள்ள வெக்கக்கூடாதுன்னு தொழுவத்துல வெச்சா. மாடு மோந்து பாத்துச்சு, ஒண்ணும் சொல்லல. அழறதுன்னா அவ அன்னிக்கே அழுது முடிச்சிட்டா. சித்தப்பா, உங்கள ஒண்ணு கேக்கறேன். முன்படிய ஏன் அவ்ளோ ஒசரமா வெச்சீங்க? ஒவ்வொரு படியும் ஆளு முட்டி வரைக்கும் இருக்குது.

— அது மலைக்கல்லு. பொளக்காம முழுசா அப்பிடியே வெச்சது. கொத்தனாரு ரெண்டாப் பொளக்கறேன்னான், நான்தான் வேணாம்னேன். கோட்டை ஊருல கட்டற வாசகசாலை. வாசல்னா பாக்கறவன் அண்ணாந்து பாக்கணும். அந்த கம்பீரம் வேணும். புரியுதா?

— கோட்டைய எதுக்குக் கட்டினாங்க?

— எதுக்குன்னா?

— யாரும் உள்ள வரக்கூடாதுன்னு கட்டினாங்க. நம்ம ராஜகிரி மலைக்கோட்டைப் படி செங்குத்தா இருக்கறது கம்பீரத்துக்கு இல்ல, ஏறி வரவன் பாதியிலயே ஓஞ்சி போவணும்னு. வாசகசாலைக்கு யாரு படை எடுத்து வரப் போறாங்க?

— எம்மா, இது நல்ல கேள்விதான். கல்லு சொமந்து சொமந்து பின்னாலதான் நானும் உள்ள போயிருக்கேன். நாளைக்கு முன்னால விடுவாங்களான்னு யாரு கண்டா.

— எல்லாருக்கும் பொதுவானதுன்னு மேடையில சொல்லப் போறேன் தைலம்மா. நீயும் வரலாம், உன் பேரப் புள்ளைங்களும் வரலாம்.

— சொல்லுங்க நயினாரே. சொல்றது நல்லதுதான்.

— சித்தப்பா, நீங்க ராஜகிரி ஏறியிருக்கீங்க இல்ல?

— ஏறியிருக்கேனாவா? உன் வயசுல ஒரே மூச்சுல உச்சிக்குப் போய் வெங்கலம் மாதிரி நின்னவன் நான்.

— கடைசியா எப்ப ஏறினீங்க?

— அது எதுக்கு இப்ப? பேச்ச மாத்தாத.

— ……

— பேச மாட்டேங்கறா பாரு. இவ இப்பிடித்தான் தைலம்மா. பேசினா பேசுவா, நிறுத்தினா கெணத்துல கல்லு போட்டாப்பல ஆயிடும். நீலா!

— இருக்கேன். யோசன பண்ணிக்கினு இருந்தேன்.

— யோசன போதும். ஆசாரி ராஜாங்கம் மத்தியானம் பாக்கி வேலய முடிக்க வரான். அதுக்குள்ள நீ வெளிய வந்தாவணும். தைலம்மா, நீ மேல போய்க் கதவத் தட்டு.

— நான் மாட்டேன்.

— இன்னாது?

— மண்ணுக் காலோட புதுப்படியில ஏறினா காலு இருக்காதுன்னு நேத்து நீங்கதான கத்தினீங்க. நான் ஏறமாட்டேன்பா. நீங்க போய்த் தட்டுங்க, உங்க கட்டடம், உங்க பொண்ணு.

— சொன்னா கேக்கணும் தைலம்மா.

— நேத்து சொன்னதத்தான் கேக்கறேன்.

— சரி, போ. பின்பக்கம் போய் சரிவ வெட்டு. வெட்டிட்டா இவ எப்பிடி எறங்கறான்னு பாக்கலாம்.

— வெட்டுங்க சித்தப்பா. எறங்கணும்னு எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. படிக்க ஆயுசுக்கு இருக்குது. பசிச்சா சன்னல் வழியா சோறு குடுங்க, பொழுது சாயறதுக்கு முன்னால, இருட்டினா நாம சாப்புடறதில்லயே. நாளைக்கு வர பெரிய மனுசருக்கு உள்ள ஒரு வாசகர் தயாரா இருப்பா. எந்த வழியா வந்தன்னு அவரு கேட்டா சொல்லுவேன். அந்த வழிய காட்டுன்னா, நேத்துதான் லட்சணமா இல்லன்னு வெட்டிட்டாங்கன்னு சொல்லுவேன்.

— நீ இப்பிடி மெரட்டறது உனக்கே நல்லா இருக்குதா?

— நல்லா இருக்குது. மொத தடவ மெரட்டறேன் இல்ல, ருசியா இருக்குது.

— நயினாரே, வெட்டவா வேணாவா? வெட்டச் சொன்னா வெட்டுவேன், வுடச் சொன்னா வுடுவேன். இப்பிடி நின்னுக்கினே இருந்தா எங்காளுங்க டீக்கடைக்குப் போயிடுவானுங்க.

— இரு, இரு.

— தைலம்மா, உன்ன ஒண்ணு கேக்கறேன். சரிவு ஓரமா இடுப்பு ஒசரத்துக்கு ஒரு மூங்கில் கட்டியிருக்குது. ஏறி வரப்ப ஒரு கையக் கட்டையிலேர்ந்து எடுத்து அதத்தான் புடிச்சிக்கினேன். அத யாருக்காகக் கட்டினீங்க?

— வேலையாளுங்களுக்குத்தான். வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? நான்தான் கட்டச் சொன்னேன்.

— நான் தைலம்மாவக் கேட்டேன் சித்தப்பா.

— எங்களுக்கா? அய்ய! தலையில கூடை, ரெண்டு கையும் கூடைமேல. மூங்கிலப் புடிக்க மூணாவது கைக்கு எங்கம்மா போறது?

— தைலம்மா, நீ வாய மூடிக்கினு இருக்க மாட்டியா?

— நீங்க கேட்டா சொல்லாம இருப்பேன். பொண்ணு கேக்குது. தினம் வேலயப் பாக்க வரப்ப நீங்கதான் அதப் புடிச்சிக்கினு…

— தைலம்மா!

— நான் ஒண்ணும் சொல்லல. நமக்கு எதுக்கு.

— சித்தப்பா, கட்டடத்துக்குக் கூரை போட்டது, அலமாரி வெச்சது, எல்லாம் நீங்க உள்ள வந்துதான பாத்தீங்க?

— பின்ன? தினம் வந்தேன். ஒவ்வொரு கல்லும் என் கண்ணு முன்னால வெச்சது.

— முன்படி வெச்சப்புறம்?

— ……

— போன வாரம் இஞ்சினியர் வந்தப்ப அவரும் மேஸ்திரியும் மட்டும் படியேறிப் போனாங்க. நீங்க கீழயே நின்னு, எனக்கு இதெல்லாம் பாத்துச் சலிச்சாச்சுன்னு சொன்னீங்களாம். கோவிந்தசாமி சொன்னான்.

— அவனுக்கு வண்டி ஓட்டற வேல மட்டும் இல்ல போல. நீலா, வெட்டிப் பேச்சு வேணாம். கடைசியாக் கேக்கறேன். கதவத் தொறக்கறியா, ஆளுங்கள வுட்டு ஒடைக்கட்டுமா?

— ஒடைக்க அதுல இன்னா இருக்குது சித்தப்பா? ராஜாங்கம் ஆசாரி இன்னும் தாழ்ப்பாளே வெக்கல. கதவு வெறுமன சாத்தித்தான் இருக்குது. ஒத்த வெரலால தள்ளினா தொறக்கும். இந்தப் படியில ஏறி வந்து ஒரே ஒருவாட்டி தள்ளிப் பாப்பீங்களான்னுதான் காலையிலேர்ந்து பாத்துக்கினு இருக்கேன்.

— ……

— வெய்யில்ல நிக்காதீங்க சித்தப்பா.

— நயினாரே? ஆளுங்க கேக்கறானுங்க. மம்புட்டிய எடுக்கவா, வேணாவா?

— தைலம்மா.

— சொல்லுங்க.

— பின்னால அந்த மூங்கில் இன்னும் கட்டித்தான இருக்குது?